மிஸ் ப்ராக்வேயின் வலது கை

பிலடெல்பியா, ரிட்டன்ஹவுஸ் சதுக்கம்
1879 அக்டோபர் 10

மதிப்பிற்குரிய மிஸ்டர் ட்ரெக்ஸ்லர் அவர்களுக்கு,

நேற்று உங்கள் நான்காவது மாடியிலிருந்து இறங்கும்போது படிகளை எண்ணினேன். எழுபத்திரண்டு. பாரிஸிலிருந்து வந்த என் பச்சைப் பட்டுக் கவுனின் வால் எழுபத்திரண்டையும் சுத்தமாகத் துடைத்துவிட்டது. உங்கள் கட்டடத்துக்கு இனிமேல் பெருக்குகிற ஆளே வேண்டாம்.

சண்டை போடத்தான் எழுதுகிறேன், ஆனால் மரியாதையாகப் போடுகிறேன். நேற்று அம்மா என்னோடு வந்து, நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் துணியை விலக்கி நீங்கள் வரைகிற என் படத்தைப் பார்த்துவிட்டாள். வண்டியில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

“ஏண்டி லெட்டி, அது யாரோட கை? ஈரக் கையுறைய நாற்காலி முதுகுல காயப் போட்ட மாதிரி இருக்கு!”

“நான் தூக்கித்தானேம்மா வச்சிருந்தேன்.”

“அது அந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியலையா? உங்கப்பா எதுக்கு இந்த வேலைய அவர்கிட்ட குடுத்தார்னே தெரியல. செத்த மீனைக்கூட செத்த மாதிரியே வரையற ஆளாம்!”

மீன் விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான். ஆனால் கை என்னுடையது. இந்த ஊரில் நான் கையுறை போட்டுக்கொள்கிற விதத்தைப் பார்த்து மறு வாரமே பத்துப் பெண்கள் அப்படிப் போட்டுக்கொள்கிறார்கள். இதை நானே சொல்லிக்கொள்வது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை. ஆகவே தயவுசெய்து அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கி வரைந்துவிடுங்கள். இரண்டு அங்குலம் போதும்.

வருகிற வியாழக்கிழமை என்னால் வர முடியாது. மறுபடியும் வயிற்றுவலி. சிப்பியை அளவோடு தின்னத் தெரியாதவள் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டுங்கள், என்னை அல்ல.

இப்படிக்கு,
உங்கள் படத்தில் சிக்கிக்கொண்ட
லெட்டிஷா ப்ராக்வே


ஆர்ச் தெரு
1879 அக்டோபர் 11

மிஸ் ப்ராக்வே அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையைத் தூக்கி வரைய மாட்டேன். நீங்கள் தூக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இனிமையாக எழுத வராது, பேசவும் வராது. என் மனைவி உயிரோடு இருந்தவரை இப்படிப்பட்ட கடிதங்களை அவள்தான் எழுதினாள்.

முதல் நாள் விசிறியைக் கால் மணி நேரம் பிடித்து நின்றீர்கள். இரண்டாம் நாள் ஐந்து நிமிஷத்தில் அது தரையில் விழுந்தது. மூன்றாம் நாள் விசிறியே வேண்டாம், வெறுங்கைதான் நாகரிகம் என்றீர்கள். நான் நாகரிகம் அறியாதவன், நம்பினேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

ஒரு காரியம் செய்யுங்கள். வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைத்து, விரல்களை மேலே தூக்கிப் பாருங்கள். சிரிக்காமல் செய்யுங்கள். எந்த விரல் எழவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.

வயிற்றுவலி எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

ஜோனஸ் ட்ரெக்ஸ்லர்


ரிட்டன்ஹவுஸ் சதுக்கம்
1879 நவம்பர் 3

மதிப்பிற்குரிய மிஸ்டர் ட்ரெக்ஸ்லர் அவர்களுக்கு,

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்ததுதான் காரணம்.

முதலில் சிரித்துக்கொண்டேதான் செய்தேன். கட்டைவிரல் எழுந்தது, ஆள்காட்டி விரல் எழுந்தது, சுண்டுவிரலும் ஏதோ முயன்றது. நடுவில் உள்ள இரண்டும் அப்படியே தொங்கின. நான் கட்டளையிடுகிறேன், அவை வேறு யாருடைய விரல்களோ போலச் சும்மா இருக்கின்றன. இறுக்கமான கையுறையால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து ஒரு வாரம் கையுறையே போடாமல் இருந்தேன். இந்தத் தியாகத்தின் அருமை உங்களுக்குப் புரியாது.

ஒரு பயனும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சூப்புக் கிண்ணம் கையிலிருந்து நழுவி விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் உடைக்கெல்லாம் இப்போது பணிப்பெண் நோராதான் பொத்தான் போட்டுவிடுகிறாள். பியானோவை மூடிவிட்டேன். அம்மாவிடம், இந்த வருஷம் பியானோ யாரும் வாசிப்பதில்லை, அது பழைய மோஸ்தர் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா நம்பிவிட்டாள்! அதை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது.

எங்கள் டாக்டர் வந்து நாடி பார்த்தார். நரம்புத் தளர்ச்சி, புத்தகம் படிக்கக் கூடாது, பால் குடிக்க வேண்டும் என்றார். வயிற்றுவலி ஆறு மாதமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். ஏனென்று தெரியவில்லை.

அப்பா, கையைச் சரிசெய்யாவிட்டால் படம் எங்கள் வீட்டுக்குள் வராது என்கிறார். படத்தை விடுங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. எழுபது வயதுவரை நோரா என் சட்டைக்குப் பொத்தான் போடுவாளா? உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அதை மறைக்காமல் எழுதுங்கள்.

லெட்டிஷா ப்ராக்வே


ஆர்ச் தெரு
1879 நவம்பர் 5

மிஸ் ப்ராக்வே அவர்களுக்கு,

இதைத் தபாலில் போடாமல் நோராவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தாயார் பார்க்க வேண்டாம். படித்ததும் எரித்துவிடுங்கள்.

எனக்கு ஈலம் என்று ஓர் அண்ணன். வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் தொழில். பதினாறு வயதிலிருந்து ஈய வெள்ளையை எண்ணெயில் அரைத்தான். முப்பது வயதில் அவனுக்கு வயிறு முறுக்கி வலிக்க ஆரம்பித்தது. பிறகு நடுவிரலும் மோதிர விரலும் தொங்கின. அதன் பிறகு மணிக்கட்டே தொங்கிவிட்டது. இரண்டு கையும். இப்போது அண்ணிதான் ஊட்டிவிடுகிறாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அந்தக் கை தெரியும். உங்கள் கையை நான் வரைந்துகொண்டிருந்தபோது என் அண்ணன் கையைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்துப் பெண்ணுக்கு வெள்ளையடிக்கிறவனின் வியாதி எப்படி வரும் என்று முட்டாள்தனமாக நினைத்துவிட்டேன்.

இனி நான் எழுதப்போவதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

எந்த மனிதத் தோலுக்கும் வெறும் வெள்ளை ஒத்துவராது. கொஞ்சம் காவி, கொஞ்சம் சிவப்பு, நிழலில் துளி பச்சை மண் என்று கலந்தால்தான் தோலாகும். உங்கள் நெற்றிக்கு நான் காலை முழுவதும் கலந்து பார்த்தேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் எரிச்சலில் குழாயிலிருந்து பிதுக்கிய வெள்ளையை அப்படியே வைத்தேன். ஒத்துப்போய்விட்டது. காதுக்குப் பின்னால் மட்டும் நல்ல ரோஜாவும் பழுப்பும் கலந்த தோல் இருக்கிறது. அது உங்களுடையது. நெற்றி என் வண்ணப் பலகையில் இருந்து வந்தது, ஈலம் சுவருக்கு அடித்த அதே வெள்ளை.

நீங்கள் முகத்தில் பூசிக்கொள்கிற பொருள் எதுவானாலும் அது ஈயம். நிறுத்துங்கள். இன்றே.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஒரு கைக்குட்டையின் ஒரு மூலையில் உங்கள் பூச்சையும் இன்னொரு மூலையில் அரிசி மாவையும் நனைத்துத் தடவுங்கள். நன்றாக அழுகிய முட்டை ஒன்றை உடைத்து ஒரு பானைக்குள் வைத்து, கைக்குட்டையை அதன் மேல் தொங்கவிட்டு மூடி, ஒரு பகல் விடுங்கள். ஈய வெள்ளை அந்த நாற்றம் பட்டால் கறுக்கும். மாவு கறுக்காது. நாங்கள் படங்களைச் சாக்கடைப் பக்கம் மாட்டாததற்கு அதுதான் காரணம்.

ஈலமுக்கு யாரும் நேரத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை, அவன் கூலியை நம்பித்தான் நான் படம் வரையக் கற்றேன். உங்களிடம் சொல்லிவிட்டேன்.

ஜோனஸ் ட்ரெக்ஸ்லர்


ரிட்டன்ஹவுஸ் சதுக்கம்
1879 நவம்பர் 8

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. இந்தப் பதிலை என் பணிப்பெண் நோரா நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

என் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் முகத்தில் சாயம் பூசியதில்லை. அது மேடையில் ஆடுகிறவர்களின் பழக்கம். நான் உபயோகிப்பது ‘அல்லிப் பால்’ என்ற தைலம். அல்லிக் கிழங்கையும் பன்னீரையும் தவிர அதில் எதுவும் கிடையாது என்று பாட்டில் மேலேயே அச்சடித்திருக்கிறது. ஒரு கண்ணியமான பெண்ணின் நெற்றியைச் சுவரோடு ஒப்பிட்டு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? என் அம்மா காதில் இது விழுந்தால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? ஊர் என்ன சொல்லும்?

இனி நான் நிற்க வரமாட்டேன். படம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் எனக்கு அக்கறையில்லை. இனிமேல் கடிதம் எழுத வேண்டாம்.

லெ. ப்ராக்வே

ஐயா, நான் நோரா. சின்னம்மா சொன்னத அப்படியே எழுதிட்டேன், என் மேல கோவப்படாதீங்க. அவங்க உங்க கடிதத்த எரிக்கல, மெத்தைக்கு அடில வச்சிருக்காங்க. பாட்டில நான்தான் மாசாமாசம் வாங்கிட்டு வரேன், யாருக்கும் தெரியாம. எனக்கு ராத்திரில தூக்கம் வரல. சமையக்காரிகிட்ட சொல்லி ஒரு முட்டைய அடுப்புக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன். சீக்கிரம் அழுகணும்னு வேண்டிக்கோங்க.


ஆர்ச் தெரு
1879 டிசம்பர் 1

மிஸ் ப்ராக்வே அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். பதில் தேவையில்லை.

உங்களைச் சுவரோடு ஒப்பிட்டது தவறு. அந்த வாக்கியத்தை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன், நான்கும் அதைவிட மோசமாக வந்தன.

படத்தை முடித்துவிட்டேன். உங்கள் முகத்தை மறுபடி வரையவில்லை, கையையும் தொடவில்லை. உங்கள் தந்தைக்கு வேண்டாமென்றால் என்னிடமே இருக்கட்டும்.

கோபத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பாட்டிலை மட்டும் திறக்காதீர்கள். இது ஒன்றுதான் நான் கேட்பது.

ஜோனஸ் ட்ரெக்ஸ்லர்


ரிட்டன்ஹவுஸ் சதுக்கம்
1880 ஜனவரி 20

அன்புள்ள மிஸ்டர் ட்ரெக்ஸ்லர் அவர்களுக்கு,

இதையும் நோராதான் எழுதுகிறாள், ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

உங்கள் டிசம்பர் கடிதம் வந்த அன்றும் நான் பாட்டிலைத் திறந்தேன். திறந்து, பூசி, நடன விருந்துக்குப் போனேன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. அங்கே என்னோடு ஆடியவர் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, “ஆஹா, எவ்வளவு மிருதுவான கை, உயிரே இல்லாத மாதிரி!” என்றார். பாராட்டுத்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நோராவிடம், “முட்டை அழுகிடுச்சா?” என்று கேட்டேன்.

“எப்பவோ அழுகிடுச்சு சின்னம்மா. சமையக்காரி வேலைய விட்டுப் போறேன்னு நிக்கறா.”

மறுநாள் காலை பானையை வைத்தோம். மாலையில் மூடியைத் திறந்தோம். நாற்றத்தை விவரிக்க மாட்டேன். மாவு தடவிய மூலை வெள்ளையாகவே இருந்தது. அல்லிப் பால் தடவிய மூலை அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. அதை என் கன்னத்தில் இரண்டு வருஷமாகத் தினமும் தடவியிருக்கிறேன்.

அந்தச் சமயம் பார்த்து, வீடெல்லாம் என்ன நாற்றம் என்று கேட்டுக்கொண்டு அம்மா சமையலறைக்குள் வந்துவிட்டாள். அம்மா அங்கே வந்து பத்து வருஷமாவது இருக்கும்! மறைக்க நேரமில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விரல், வயிறு, பியானோ, பாட்டில், உங்கள் கடிதம், எல்லாம். திட்டுவாள், மயங்கி விழுவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“எந்தக் கடைல வாங்கின?”

“செஸ்ட்நட் தெரு மருந்துக்கடைலம்மா.”

“நானும் அங்கதாண்டி வாங்கறேன்.”

நோரா மூடியைக் கீழே போட்டுவிட்டாள். ஏனென்றால் அம்மாவுக்கும் அவள்தான் யாருக்கும் தெரியாமல் வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். பாவம், இரண்டு பக்கமும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அவள். அம்மாவுக்கு முதலில் கோபம், பிறகு அழுகை, பிறகு சிரிப்பு. “ஏண்டி, உன் தோல் என்னை மாதிரியே இயற்கையாவே வெளுப்புன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சிட்டிருந்தேனே!” என்றாள். நாங்கள் மூன்று பேரும் அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். என் வாழ்நாளில் அம்மாவோடு நான் அப்படிச் சிரித்ததில்லை.

வேறொரு டாக்டர் வந்தார். நோரா முன்யோசனையாகக் கைக்குட்டையை எடுத்துக் காட்டினாள். அவர் என் கீழுதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார். பல்லடியில் நீலக்கோடு ஓடுகிறதாம், அது ஈயத்தின் அடையாளமாம். “யார்மா கண்டுபிடிச்சது?” என்றார். படம் வரைகிறவர் என்றதும் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பூச்சை நிறுத்தியதால் வியாதி மேலே போகாது, பொறுமையாக இருந்தால் விரல்களுக்கு உயிர் திரும்பி வரும், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். கசப்பு மருந்து மூன்று வேளை. ஒரு மின்சாரப் பெட்டியைக் கொண்டுவந்து தினமும் என் முன்கையில் வைக்கிறார்கள். விரல் தானாகத் துள்ளுகிறது. பெட்டியை எடுத்ததும் மறுபடி தொங்குகிறது. அம்மாவின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசியிருக்கிறாள்.

என் நவம்பர் கடிதத்துக்காக மன்னியுங்கள். உங்கள் அண்ணனையும் இந்த டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அப்பா சொல்லி வைத்திருக்கிறார்.

பயம் போகவில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தேனே, அது போய்விட்டது.

நன்றியுடன்,
லெட்டிஷா


ரிட்டன்ஹவுஸ் சதுக்கம்
1880 மே 2

என் அன்புக்குரிய மிஸ்டர் ட்ரெக்ஸ்லர் அவர்களுக்கு,

இதை நோரா எழுதவில்லை. பாருங்கள்! ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, முதல் பக்கத்துக்கே ஒரு காலை முழுவதும் ஆயிற்று. ஆனால் இது என் கை.

மார்ச் கடைசியில் ஒருநாள் காலை காபி குடிக்கும்போது நடுவிரல் கோப்பையை விட்டு எழுந்து நின்றது. நான் தூக்கவில்லை, அதுவாக எழுந்தது. பிறகு நான் தூக்கிப் பார்த்தேன். எழுந்தது. “அம்மா!” என்று நான் கத்திய கத்தலில் அப்பா சவரக் கத்தியோடு ஓடி வந்துவிட்டார். மோதிர விரல் இன்னும் சோம்பேறியாக இருக்கிறது, பாதிதான் வருகிறது. நேற்று என் சட்டையின் பதினான்கு பொத்தான்களையும் நானே போட்டேன். நோரா எதிரில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

உங்கள் அண்ணனைப் பற்றி டாக்டர் சொன்னார். விரல்கள் திரும்பாது, வயிற்றுவலியாவது நின்றிருக்கிறது என்று. அது போதாது என்று எனக்குத் தெரியும். நேற்று அண்ணிக்குக் கடிதம் எழுதினேன், வருகிற வாரம் போய்ப் பார்க்கிறேன்.

இப்போது கண்காட்சி விஷயம். படத்தை மாட்டியிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்தேன், வெள்ளிக்கிழமை போனேன். முகத்தில் ஒன்றும் பூசவில்லை. மூக்கின் மேல் புள்ளி புள்ளியாக இருக்கிறது, இரண்டு வருஷம் அவற்றை நான் ஊருக்குக் காட்டியதே இல்லை. அதனால் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை! படத்துக்கு முன்னால் ஒரு கூட்டம். நான் ஓரமாக நின்றேன்.

முதலில் எனக்கு உங்கள் மேல் மறுபடியும் கோபம் வந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் பட்டுக்குள் நின்றுகொண்டு யாரிடமும் கேட்க முடியாமல் தவிப்பது எனக்குத் தெரிகிறது. நீங்கள் அதையும் வரைந்திருக்கிறீர்கள். ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசியதைக் கேளுங்கள்.

“அந்தக் கையப் பாரேன். எவ்வளவு நளினமாத் தொங்கவிட்டிருக்கா!”

“ஆமா, நானும் இனிமே அப்படித்தான் வச்சுக்கப் போறேன். இப்படித்தானே?”

சொன்னவள் தன் கையை நாற்காலி முதுகில் வைத்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. மிக நன்றாக இருந்தது. பழகாமலே வந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வெள்ளை எனக்குத் தெரியாததா?

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வரத்தான் நினைத்தேன். ஊர் முழுக்க அங்கே நிற்கிறது, அம்மாவின் சிநேகிதிகள் நாலு பேர் நிற்கிறார்கள். ஆனால் என் வாய் திறந்துகொண்டது.

“அது நளினம் இல்ல. வியாதி. அது என் கை.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“அந்தப் பொண்ணு நான்தான். முகத்துல ‘அல்லிப் பால்’ பூசினேன், அதுல ஈயம் இருந்துச்சு, விரல் செத்துப்போச்சு. நீங்க என்ன பூசறீங்க?”

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, “பைத்தியம்!” என்று சொல்லி, தோழியோடு விறுவிறுவென்று போய்விட்டாள். அம்மாவின் சிநேகிதிகள் கூரையைப் பார்த்தார்கள். படத்தில் தொங்கும் என் கைக்கு முன்னால் நான் காது சிவக்க நின்றேன். நாளைக்கு ஊர் முழுக்க இதுதான் பேச்சு என்று தெரியும். ஆச்சரியம் என்னவென்றால், மூச்சு விடுவது எளிதாக இருந்தது.

வெளியே வந்து வண்டிக்காகப் படியில் நின்றேன். யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். அவள்தான். தோழி இல்லை. முகத்திரைக்குள்ளிருந்து மிகத் தணிந்த குரலில் கேட்டாள்:

“சரியாகறதுக்கு எத்தனை நாளாச்சு?”

“மூணு மாசத்துக்கு மேல. உனக்கு?”

“ரெண்டு விரல். வலது கைதான். கிறிஸ்துமஸ்ல இருந்து.” பிறகு கேட்டாள்: “நிஜமாவே திரும்பி வருதா?”

நான் வலது கையுறையைக் கழற்றி அவள் கையை எடுத்து என் கைக்குள் இறுக்கிப் பிடித்தேன். என்னால் முடிந்த மட்டும் இறுக்கினேன். “அய்யோ, வலிக்குது!” என்றாள். சொல்லிவிட்டு, அந்தப் படியிலேயே பட்டுக் கவுனோடு உட்கார்ந்து, ஒரு குழந்தையைப் போல அழ ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வண்டி வந்து வெகுநேரம் காத்திருந்தது.

என்றும் உங்கள்,
லெட்டிஷா ப்ராக்வே